கோல் வாசலைக் காத்தவர்கள்



மலேசியக் காற்பந்து வரலாற்றில் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மறக்கவியலாதது. அன்று மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்னும் கோல் கணக்கில் வென்று நம் அணி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கிய காட்சியே இன்றளவும் பேசப்படுகிறது. மறுமுனையில் நம் கோல் வாசலைக் காத்து நின்றவர்களை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

தற்காப்பு என்பது தானாக வளர்ந்த கலையன்று. தாக்குபவருக்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்த ஆஃப்சைட் விதி, 1925ஆம் ஆண்டில் இருவர் என மாற்றப்பட்டது. கோல்கள் பெருகின. ஆர்சனல் குழுவின் பயிற்றுநர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னுக்கு அழைத்து மூன்றாம் காவலராக நிறுத்தினார். ஒவ்வொரு காவலருக்கும் இன்னாரைக் காக்க வேண்டும் என்னும் பொறுப்பும் தெளிவாயிற்று. ஆள் பார்த்துக் காப்பது ஒரு முறை. இடம் பார்த்துக் காப்பது மற்றொரு முறை. இரண்டையும் கலந்து ஆடும் அணிகளும் உண்டு.

அமெரிக்கக் காற்பந்திலும் இக்கணக்கே செல்லும். அங்குக் கோல் கோட்டிற்கு அப்பால் 10 கஜம் மட்டுமே ஆடுகளம். கோட்டை நெருங்க நெருங்கத் தாக்குவோர் ஓடுவதற்கு இடம் குறையும். பின் எல்லைக் கோடே இன்னொரு காவலர் போல் உதவும். எனினும், ஒருவர் தம் ஆளை ஒரு நொடி தவறவிட்டால் ஆறு புள்ளிகள் பறிபோகும். இடம் சுருங்கும்போது பொறுப்பு கூடுகிறது.

நம் நாட்டின் தற்காப்பு மரபிலும் பெருமைக்குரியோர் உளர். 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர் எம். சந்திரன், 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணிக்குத் தலைவரும் அவரே. 1980இல் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தற்காப்பின் நடுவில் நின்றனர். ஒருவர் முன்சென்று தடுத்தால் மற்றவர் பின்னிருந்து காப்பதே அத்தகைய இணையின் இலக்கணம். அவர்களுக்கும் பின்னே, 7.32 மீட்டர் அகலக் கோல் வாசலில் ஆர். ஆறுமுகம் நின்றார். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் பெயர் பெற்ற தமிழர் அவர். சீனர், சீக்கியர், தமிழர் என மூவர் ஒரே வாசலைக் காத்தனர்.

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ செல்லவில்லை. வென்ற வாய்ப்பு கைக்கு எட்டியும் பயன்படவில்லை. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில், 35 வயதில் மறைந்தார். பதக்கமில்லாமற் போனதால் அவர்களது கடமை சிறிதாகிவிடுமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சமதளம் அரிது. கிடைக்கும் சிறு திடலில் நம் பிள்ளைகள் அனைவரும் பந்தின் பின்னாலேயே ஓடுவர்; கோல் வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். புறப்பாட நடவடிக்கையின்போது ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளையோ ஓரிடத்தையோ குறித்துக் கொடுங்கள். கோல் அடித்த பிள்ளைக்குக் கைதட்டும் பெற்றோர், கோலைத் தடுத்த பிள்ளையின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். அப்போது ஆறுமுகத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.