போய்ப் படி, திரும்பி வா: 'ஜே' விசாவின் கதை

இந்து கல்லூரி ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து ஓடிய நம்மில் சிலர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அடுத்துப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு விசாவின் வரலாற்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கத் தளவாடங்கள் பல நாடுகளில் தேங்கிக் கிடந்தன. அவற்றை விற்ற பணத்தில் மாணவர், ஆசிரியர் பரிமாற்றம் நடத்தலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் 1946-ல் சட்டம் கொண்டுவந்தார். 1950 பிப்ரவரி 2-ல் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டது. 1961-ல் வந்த இன்னொரு சட்டத்தில் 'ஜே' விசா பிறந்தது.

படித்ததை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதுதான் அதன் அடிப்படை. அதற்காக 1956-லேயே ஒரு விதி வந்துவிட்டது. தாய்நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்த பிறகுதான் கிரீன் கார்டெல்லாம்! 1970-ல் இதைச் சுருக்கி, அரசுப் பணத்தில் போனவர்களுக்கும், தாய்நாட்டுக்குத் தேவையான துறைகள் என்ற பட்டியலில் வருபவர்களுக்கும் மட்டும் என்றார்கள். 1976-ல் டாக்டர்களும் சேர்ந்தார்கள்.

அந்தப் பட்டியலிலிருந்து 2024 டிசம்பர் 9-ல் இந்தியா நீக்கப்பட்டது. 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்! ஃபுல்பிரைட்-நேரு போன்ற அரசு உதவி பெறுபவர்களுக்கும், மருத்துவப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களுக்கும் விதி அப்படியே இருக்கிறது. டிஎஸ்-2019 படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பணம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள்.

விதி இருக்கோ இல்லையோ, ஒரு நாள் திரும்பி வந்து நம் வகுப்பறையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு எந்த விசாவும் வேண்டாம்.