தொலைந்த பொந்தியானாக்

திகாம் பத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் போய் 'பொந்தியானாக்' பார்த்தவர் என் பாட்டி. "கூனிப் பொண்ணு. மருந்தால அழகாயிட்டா. ரத்தத்த மட்டும் தொடக்கூடாது. புருஷனுக்கு விஷக்கடி, வாயால உறிஞ்சிட்டா. இதுல அவ தப்பு என்னா?" என்பார்.

மரியா மெனாடோ நடித்த அப்படத்தை 1957 ஏப்ரலில் கேத்தே கிரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் வெளியிட்டது. இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) எடுத்த அதே ராவ்.

அதே ஏப்ரலில் இத்தாலியில் 'இ வாம்பிரி' வந்தது. அங்கேயும் அழகும் ரத்தமும்தான். பிறர் ரத்தத்தால் இளமை பெறும் சீமாட்டி. துப்புத் தேடும் பத்திரிகையாளர். சிறு முதலீடு, பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு. இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா இடையில் விலகிவிட, ஒளிப்பதிவாளர் மரியோ பாவா மிச்சத்தை இரண்டு நாளில் முடித்தார்.

அவசரம் படத்தில் தெரிகிறது. துப்பறியும் காட்சிகள் இழுக்கின்றன. முடிச்சுகள் பேச்சாலேயே அவிழ்கின்றன. ஆனால் சீமாட்டி கண்ணெதிரே கிழவியாகும் ஷாட்டில் வெட்டே இல்லை. முகத்தில் வண்ணப் பூச்சு, விளக்கில் வண்ணக் கண்ணாடி. ஒளியின் நிறத்தை மாற்றினால் கறுப்பு வெள்ளைப் படத்தில் மறைந்திருந்த சுருக்கங்கள் மேலே வரும். காசில்லாத இடத்தில் புத்தி வேலை செய்திருக்கிறது.

அந்தப் படம் இத்தாலியில் ஓடவில்லை. 'பொந்தியானாக்' வாரக்கணக்கில் ஓடியது. இரண்டு தொடர்ச்சிகளும் வந்தன. ஆனால் ஓடாத படத்தை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஓடிய படத்தின் பிரதி ஒன்றுகூட இல்லை. சுருள்கள் ஈயக் குட்டையில் வீசப்பட்டதாகச் சொல்வார்கள்.

ஃப்ரெடாவை நான் குறை சொல்லலாம், பாவாவைப் பாராட்டலாம். ராவ் பேயை எப்படிக் காட்டினார், எங்கே சொதப்பினார்? எதுவும் சொல்ல முடியாது. மோசமான படம் என்று திட்டுவதற்கும் படம் இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது அதைப் பார்த்தவர்களின் ஞாபகம் மட்டுமே. அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

தப்பிப் பிழைத்த மூன்றாம் பாகம் 'சும்பா பொந்தியானாக்' (1958). பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். மரியா மெனாடோவைப் பார்த்துச் சிரித்தார். முடிந்ததும் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

"அவதான். ஆனா இது அந்தப் படம் இல்லடா."