பஸ்ஸுக்கு நின்ற நேரம் எங்கே போனது?

பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கின நிலம். பெரிய கடைக்குப் போகவேணுமெண்டால் தெற்கே கல்முனை, வடக்கே களுவாஞ்சிகுடி. அதுக்கும் மேல எண்டால் மட்டக்களப்பு நகரம். ஒரு சட்டைத்துணி வாங்கவும் கையில் காசு வேணும், பஸ் வேணும், அரைநாள் பொழுது வேணும். வீட்டில் சொல்லிட்டுப் போகவேணும், சொன்ன உடனே "இப்ப அது என்னத்துக்கு?" எண்ட கேள்வி வரும். ஆசைப்படுறதுக்கும் வாங்குறதுக்கும் நடுவில் இத்தனை படிகள். யாரும் திட்டம்போட்டு வைத்தவை அல்ல. ஆனாலும் நம்மட காசை அவை காத்தன.

அந்தப் படிகள் எப்படி ஒவ்வொன்றாகக் கழன்றன, அவற்றைத் திரும்ப வைக்க முடியுமா எண்டுதான் இங்கே பார்க்கிறோம்.

1984இல் இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் பகுதியில் வாழ்ந்த 72 வயது ஜேன் ஸ்னோபோல், தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்தி முட்டை, மாஜரின், கோர்ன்ஃபிளேக்ஸ் மூன்றையும் வீட்டுக்கே வரவழைத்தார். மைக்கேல் ஓல்ட்ரிச் 1979இல் உருவாக்கிய முறை அது. நடக்க முடியாத முதியவர்களுக்கு உதவி செய்வதே அந்தத் திட்டத்தின் நோக்கம். அங்கே ஒரு படியை எடுத்தது இரக்கத்தால்.

அடுத்த படி வியாபாரத்துக்காகப் போனது. முகவரியையும் கார்ட் விவரத்தையும் முன்கூட்டியே சேமித்துவைத்து, ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமேசன் 1999இல் காப்புரிமை பெற்றது. 2017இல் அது காலாவதியானதும் யாரும் அதைப் பயன்படுத்தலாம் எண்டாகிவிட்டது. இலங்கையில் 2016இல் டராஸ் வந்தது. 2018இல் அதைச் சீனாவின் அலிபாபா வாங்கியது. இப்ப பார்சல் நம்மட ஒழுங்கை வரைக்கும் வருது. கைக்குழந்தையோடு இருக்கிற தாய்க்கும், கல்முனையில் கிடைக்காத புத்தகத்தைத் தேடுற மாணவிக்கும் இது பெரிய உதவி. அதை மறுக்க ஏலாது.

ஆனால் படிகளை எடுத்ததோடு நிற்கவில்லை, பின்னாலிருந்து தள்ளவும் தொடங்கினார்கள். 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களைச் சோதித்து, வாங்குபவரை நெருக்குற, ஏமாற்றுற உத்திகள் 1,818 இடங்களில் இருப்பதைக் கண்டார்கள். "இன்னும் பத்து நிமிடம்தான்" எண்டு ஓடுற மணிக்கூடுகள் சில பூச்சியத்தைத் தொட்ட பிறகும் சலுகை அப்படியே இருந்தது! இந்தியா 2023இல் இப்படியான 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது.

நமக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்ல. தவணைக் கடன் என்ன செய்யும் எண்டு வடக்கும் கிழக்கும் நல்லாப் பட்டு அறிந்தவை. நுண்கடன் கட்ட முடியாமல் பெண்கள் தவித்து, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது. அப்ப கடன்காரர் படலையைத் தட்டினார், ஊருக்கே தெரிந்தது. "இப்ப வாங்கு, பிறகு கட்டு" எண்டு வருகிற இன்றைய கடன் போனுக்குள்ளேயே இருக்கு. வீட்டாருக்குக்கூடத் தெரியாது.

எடுத்த படியைத் திரும்ப வைக்கலாமா? உலை வைக்க முன்னம் ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டுவைத்த நம்மட அம்மம்மாக்கள் செய்தது அதைத்தான்: ஆசை வர முன்னமே கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். உடைத்தால்தான் எடுக்கலாம் எண்ட உண்டியல் முட்டியும் அதே யோசனைதான். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, தாங்களே குறித்த நாள் அல்லது தொகை வரும்வரை எடுக்க முடியாத கணக்கைச் சிலருக்குக் கொடுத்தது. 2006இல் வெளியான ஆய்வின்படி, அந்தக் கணக்கு கொடுக்க முன்வந்தவர்களின் சேமிப்பு, மற்றவர்களோடு ஒப்பிடும்போது ஓராண்டில் 81 சதவீதம் கூடியிருந்தது.

அதையே போனிலும் செய்யலாம். 'ஐஸ்பொக்ஸ்' எண்ட குரோம் நீட்சி "வாங்கு" பொத்தானை எடுத்துவிட்டு, சாமானைச் சில நாள் "ஐஸில்" வைக்கச் சொன்னது. அது இல்லாமலும் ஏலும். சேமித்த கார்ட் இலக்கத்தை அழித்தால், ஒவ்வொரு முறையும் எழும்பிப்போய் கார்டை எடுக்கவேணும். விற்பனை அப்களின் நோட்டிபிகேசனை நிறுத்தலாம். இரவு பத்து மணிக்குப் பிறகு அந்த அப்கள் திறக்காதபடி போனிலேயே நேர எல்லை போடலாம். கையில் இருக்கிற செலவுக் காசை மட்டும் வேறு கணக்கில் விட்டு, அதன் கார்டை மட்டும் இணையத்தில் பாவிக்கலாம்.

இதெல்லாம் செய்தும் நிறுத்த முடியாதவர்கள் இருக்கிறார்கள். வாங்கித் தீராத இந்த வேகத்தை எமில் கிரேப்பலின் எண்ட ஜெர்மன் மனநல மருத்துவர் நூறாண்டுக்கு முன்னமே நோயாக எழுதிவைத்தார். அவர்களை "ஊதாரி" எண்டு ஏசுவதால் ஒன்றும் ஆகாது. இலங்கையில் 1926 எண்ட இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைக்கலாம்.

மற்றவர்கள் ஒருக்கா இப்படிச் செய்து பாருங்கள். பிடித்த சாமானைக் கூடையில் போடுங்கள், வாங்காதீங்க. கொப்பியில் திகதியோடு எழுதிவைத்து, ஏழாம் நாள் திறந்து பாருங்கள். அப்பவும் வேணுமெண்டு பட்டால் தயங்காமல் வாங்குங்கள்.