மூன்று வெள்ளிக்கிழமைகளில் முடிந்த தொடர்



"இந்தத் தொடர் நம் ஆண்டவரை அவமதிக்கிறது. உடனே கையெழுத்துப் போடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." இப்படி ஒரு செய்தி வராத சபை வாட்ஸ்அப் குழு அநேகமாக இருக்காது. சிலர் அடுத்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன், நாம் வாழும் இந்த அமெரிக்காவில் இப்படிப்பட்ட எதிர்ப்புகள் முன்பு எப்படி எழுந்தன, எப்படி முடிந்தன என்று பார்த்துவிடுவோம்.

பார்க்குமுன்னே வந்த எதிர்ப்பு

1977-ஆம் ஆண்டு. பிராங்கோ செஃபிரெல்லி என்ற இத்தாலிய இயக்குநர் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' என்ற நீண்ட தொலைக்காட்சிப் படத்தை முடித்திருந்தார். இயேசுவை மனிதத் தன்மையோடு காட்டப்போவதாக அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அது அச்சில் வந்ததும் தென் கரோலினாவிலுள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் மூன்றாம் பாப் ஜோன்ஸ் கண்டனக் குரல் எழுப்பினார். அப்போது அவர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. படத்துக்குப் பெரும் பணம் போட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. அந்த நிறுவனம் பயந்து விலகிக்கொண்டது. அந்த இடத்தைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் 3 குருத்தோலை ஞாயிறு அன்றும், ஏப்ரல் 10 ஈஸ்டர் அன்றும் என்.பி.சி.யில் படம் ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் கண்டது சுவிசேஷக் கதையைப் பயபக்தியோடு சொன்ன ஒரு படத்தை. இன்றும் ஈஸ்டர் காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அதுதான்.

பரிசு பெற்றும் நிற்காத தொடர்

இருபது ஆண்டுகள் கழித்து, 1997 செப்டம்பரில், ஏ.பி.சி. 'நத்திங் சேக்ரட்' என்ற தொடரைத் தொடங்கியது. ஏழைகள் வாழும் நகர்ப்பகுதி ஒன்றில் ஊழியம் செய்யும் ஓர் இளம் கத்தோலிக்கக் குருவானவரின் கதை அது. விசுவாசத்தில் தடுமாறுகிறார், மறுபடி எழுந்து நிற்கிறார். கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு அதை எதிர்த்து, விளம்பரம் கொடுத்த நிறுவனங்களைப் புறக்கணிக்கச் சொன்னது. சில நிறுவனங்கள் விலகின.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் கெய்ன் தாமே ஒரு இயேசு சபைக் குருவானவர். முதல் பகுதியைப் புனைபெயரில் எழுதியிருந்தார். தொலைக்காட்சி உலகின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீபடி விருதும் தொடருக்குக் கிடைத்தது. ஆனாலும் அதை ஒளிபரப்பிய வியாழக்கிழமை இரவு, நாடே 'ஃபிரண்ட்ஸ்' பார்த்துக்கொண்டிருந்த நேரம். எடுத்த 20 பகுதிகளில் 15 மட்டுமே வெளியாகி, 1998-இல் தொடர் நின்றது.

2006 ஜனவரி

இப்போது நம் கதைக்கு வருவோம். தொடரின் பெயர் 'தி புக் ஆஃப் டானியல்'. எழுதி உருவாக்கியவர் ஜாக் கென்னி. நியூயார்க் நகருக்கு வெளியே ஒரு வசதியான ஊரில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் குருவானவர் டானியல் வெப்ஸ்டர். அந்தப் பாத்திரத்தில் ஏய்டன் க்வின் நடித்தார். எபிஸ்கோப்பல் திருச்சபை உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ.யும் அதே ஐக்கியத்தில் இருப்பதால், நம்மில் பலருக்கு அது ஒரு தூரத்துச் சொந்தம்.

டானியலின் வீட்டில் இல்லாத பிரச்சினை இல்லை. மனைவி குடிக்கிறார். மகள் கஞ்சா விற்றுப் பிடிபடுகிறாள். ஒரு மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன். மைத்துனர் சபைப் பணத்தோடு ஓடிவிடுகிறார். டானியலோ விக்கோடின் என்ற வலி மாத்திரைக்கு அடிமை. அவர் தனியாக இருக்கும்போது இயேசு வெள்ளை அங்கியில் வந்து, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நண்பரைப்போல் பேசுகிறார்.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியது மிசிசிப்பியைச் சேர்ந்த அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன். அதை நிறுவிய டொனால்ட் வைல்ட்மன் ஒரு மெதடிஸ்ட் போதகர். தொடர் வெளிவருமுன்பே லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் என்.பி.சி.க்குப் போயின. ஆர்கன்சாவின் லிட்டில் ராக், இண்டியானாவின் டெரே ஹோட் போன்ற ஊர்களின் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. லிட்டில் ராக்கில் வேறொரு நிலையம் அதை வாங்கிப் போட்டது.

ஜனவரி 6 வெள்ளி இரவு முதல் இரண்டு பகுதிகள் சேர்ந்து வந்தன. ஏறத்தாழ 90 லட்சம் பேர் பார்த்தார்கள். 13-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. மூன்றாம் வெள்ளியன்று பார்வையாளர் 60 லட்சத்துக்கும் கீழே இறங்கினார்கள். அதற்கடுத்த வாரம் தொடர் நிறுத்தப்பட்டது. எடுத்தவை எட்டு, தொலைக்காட்சியில் வந்தவை நான்கு. மீதி அதே ஆண்டு டிவிடியில் வந்தது.

யார் நிறுத்தியது?

எதிர்த்தவர்கள் வெற்றி என்றார்கள். தொடரை விரும்பியவர்கள் மதவாதிகளின் மிரட்டல் என்றார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான். எதிர்ப்பைக் கண்டு விளம்பரதாரர்கள் தயங்கினார்கள். விளம்பரம் இல்லாமல் தொலைக்காட்சியில் எதுவும் ஓடாது. ஆனால் பார்க்க வந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டே வாரத்தில் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவே தொடர்களுக்குச் சாதகமில்லாத நேரம்.

எதிர்த்தவர்களின் மனவருத்தம் பொய்யில்லை. ஒரே வீட்டில் இத்தனை பாவங்களை அடுக்கியது கதைக்காகவா, பரபரப்புக்காகவா என்ற கேள்வி நியாயமானது. மனந்திரும்பு என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லாத சிநேகிதனாக மட்டும் ஆண்டவரைக் காட்டினால், விசுவாசிக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதே நாட்களில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் வாஷிங்டன் பேராயம் வேறு வழியில் போனது. தொடரைப் பார்த்தவர்கள் பேசுவதற்காக இணையத்தில் ஒரு பக்கம் திறந்தது. தொடரில் எல்லாம் சரி என்பதற்காக அல்ல. அது எழுப்பும் கேள்விகளைச் சபையும் சேர்ந்து பேசட்டும் என்பதற்காக.

கூச்சலில் அமுங்கிய மாத்திரை

அந்த மூன்று வாரச் சண்டையில் இயேசுவின் அங்கியைப் பற்றிப் பேசினார்கள், மகனைப் பற்றிப் பேசினார்கள். குருவானவரின் சட்டைப்பையில் இருந்த மாத்திரையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நர்ஸ் வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

விக்கோடினில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மருந்தும் டைலினால் மாத்திரையில் உள்ள அசிட்டமினோஃபெனும் சேர்ந்திருக்கும். ஓபியாய்டுக்கு உடம்பு பழகிப்போகும். நேற்று ஒன்றில் அடங்கிய வலி நாளை இரண்டு கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, எலும்பைப் பிழியும் வலி. கூட்டிக்கொண்டே போனால் அசிட்டமினோஃபென் ஈரலையும் கெடுக்கும். இதை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

தொடர் நின்ற அடுத்த ஆண்டு, 2007 மே மாதம், ஆக்ஸிகான்டின் மாத்திரையைத் தவறான முறையில் விற்றதாகப் பர்டியூ நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2012-இல் இந்த நாட்டில் எழுதப்பட்ட ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கும் மேல். ஹைட்ரோகோடோன் கூட்டு மாத்திரைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது 2014-இல்தான். அந்தக் கதைக் குருவானவரின் சட்டைப்பையில் இருந்தது, அமெரிக்காவின் ஆயிரமாயிரம் வீடுகளின் மருந்து அலமாரியிலும் இருந்தது. சபை அன்று அதைப் பேசியிருக்கலாம். பேசுவதற்கு நல்ல சந்தர்ப்பமும் வந்திருந்தது.

நாம் செய்யக்கூடியது

கையெழுத்து கேட்டு ஒரு செய்தி வந்தால் முதலில் அந்தத் தொடரைப் பாருங்கள். அல்லது நம்பத்தக்க ஒருவர் முழுவதும் பார்த்து எழுதியதை வாசியுங்கள். பார்க்காததைப் பற்றிச் சாட்சி சொல்வது பொய்ச் சாட்சிக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பார்த்தபின் மனசாட்சி ஒப்பவில்லையா? உங்கள் பெயரைப் போட்டு, காரணத்தைச் சொல்லி, மரியாதையோடு நிலையத்துக்கே எழுதுங்கள். அது உங்கள் உரிமை.

அதோடு இன்னொன்றும். நம் சபைகளில் போதகரின் வீடு கண்ணாடி வீடு. அந்தப் பிள்ளைகள் எப்படி உடுத்துகிறார்கள், என்ன மார்க் வாங்குகிறார்கள் என்று எல்லாரும் பார்ப்போம். அந்த வீட்டில் ஒருவருக்குக் குடியோ மாத்திரையோ மனச்சோர்வோ வந்தால், ஜெப விண்ணப்பத்தில் 'சரீர பெலவீனம்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். வேதாகமமோ தாவீதின் வீட்டு விவகாரத்தை மறைக்கவில்லை, பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்கவில்லை. நாத்தான் தாவீதைப் பாவத்தோடு விட்டுவிடவும் இல்லை, அவனை விட்டு ஓடிப்போகவும் இல்லை.

ஆகவே வீட்டில் யாராவது இப்படிச் சிக்கியிருந்தால், தம்பி தங்கைகளே, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இதற்குப் புப்ரினார்ஃபின் போன்ற நல்ல சிகிச்சை உண்டு. அளவுக்கு மீறி எடுத்து மூச்சு நிற்கும் நிலை வந்தால் உடனே 911-ஐ அழைத்து, நலாக்சோன் மருந்தை மூக்கில் அடிக்க வேண்டும். 2023 முதல் அது மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. சபை அலுவலகத்து முதலுதவிப் பெட்டியிலும் ஒன்று இருக்கட்டும்.

அந்தத் தொடர் நின்றதால் சபைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் டானியலைப்போல் ஒருவர் நம் ஆலயத்திலேயே நம் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டுக்குத் திரும்பினால், அது நமக்குப் பெரிய நஷ்டம்.