தானியக்கம்

தானே இயங்குவது தானியக்கம். தன்னியக்கம் என்றும் எழுதுவர். இதற்கு இணையான 'ஆட்டோமேஷன்' தானாகச் செயல்படுவதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. அதைத் தொழிற்சாலைச் சொல்லாக்கியவர் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் உற்பத்திப் பொறுப்பிலிருந்த டெல்மார் ஹார்டர். 1947இல் அங்கே அந்தப் பெயரிலேயே ஒரு துறை அமைந்தது.

ஹார்டர் கொண்ட பொருள் குறுகியது. துளையிடும் எந்திரமும் கடையும் எந்திரமும் அப்போதே ஓரளவு தாமாக ஓடின. ஒன்றில் வேலை முடிந்த வார்ப்பை அடுத்ததில் தூக்கிவைக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதே ஆட்டோமேஷன். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டின் கிளீவ்லாந்து என்ஜின் ஆலையில் என்ஜின் பிளாக்கை நகர்த்தவும் திருப்பவும் அடுத்த எந்திரத்தில் சரியாகப் பொருத்தவும் கருவிகளே போதுமாயின.

இதற்கெனத் தனித் துறை வைத்தது மிகச் சரியான முடிவு என்பேன். ஒரு பிரிவு கண்ட தீர்வை இன்னொரு பிரிவு மறுபடி முதலிலிருந்து வரைவது வீண்செலவு.

'தானியக்கம்' என்ற நம் சொல்லில் எந்திரம் ஓடுவது தெரிகிறது, பொருள் கைமாறுவது தெரியவில்லை. ஆனால் பல பிரிவுகளுக்குப் பொதுவாகத் திட்டமிடுவோரின் கவலையெல்லாம் அந்தக் கைமாற்றத்தில்தான். 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 'மேப்' என்ற பொது நெறிமுறையை முன்வைத்ததும் அதே கவலையால்தான்; அங்கே கைமாற வேண்டியது பொருளல்ல, தகவல்.