ஏழு வயதுப் பிள்ளையும் மெல்லிய காற்றும்

நுவரெலியாவில் பஸ்ஸால் இறங்கி நாலு படி ஏறினாலே சிலருக்கு மூச்சு வாங்கும். அங்கே காற்று குளிர் மட்டுமில்லை, மெல்லிசும்தான். நாங்கள் கொஞ்சம் நின்று மூச்சு விடலாம். ஒரு சின்ன விமானத்துக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ரொக்கி மலைகளின் ஓரமாக இருக்கிற ஷையான் நகர விமான நிலையமும் கிட்டத்தட்ட நுவரெலியாவின் உயரம்தான்: 6,150 அடி அளவில். 1996 ஏப்ரல் 11 காலை, அங்கிருந்து கிளம்பிய ஒரு செஸ்னா 177பி, கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே குடியிருப்பு வீதியொன்றில் விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள்: ஏழு வயது ஜெசிக்கா டுப்ரோஃப், தகப்பன் லொயிட், பயிற்றுநர் ஜோ ரீட்.

அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்த மிக இளைய ஆள் என்ற பெயருக்காகத்தான் அந்தப் பயணம். முதல் நாள்தான் கலிபோர்னியாக் கடற்கரையில் இருந்து புறப்பட்டிருந்தார்கள். ஜெசிக்காவுக்குக் கால் எட்டாததால் மிதிகளை நீட்டிப் பொருத்தியிருந்தார்கள். சட்டப்படி மாணவ விமானியாகவே 16 வயது வேண்டும். ஆகவே பொறுப்பு விமானி ரீட்தான். கின்னஸ்கூட இப்படியான சாதனைகளைப் பதிவதை நிறுத்தியிருந்தது. ஆனாலும் கமராக்கள் காத்திருந்தன.

மெல்லிய காற்று என்ன செய்யும்? எஞ்சினுக்குப் போகிற காற்று குறையும், வலு குறையும். புரொப்பெல்லரும் இறக்கையும் பிடித்துத் தள்ளவும் காற்று காணாது. ஓடுபாதையில் அதிக தூரம் ஓடவேண்டும், மேலே ஏறுவதும் மெதுவாகத்தான். கடல்மட்டத்தில் பழகினவரின் கை, விமானம் வழக்கம்போல ஏறும் என்று நம்பும். ஏறவில்லை என்று மூக்கை உயர்த்தினால் வேகம் விழும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால், இறக்கை தாங்காது.

அன்று காலை மழையோடு இடிப்புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. சற்றுமுன் கிளம்பிய இன்னொரு விமானி, காற்று வேகம் சட்டென்று மாறுவதாகச் சொன்னது ரீட்டுக்கும் அறிவிக்கப்பட்டது. விமானத்தின் பாரம், அனுமதித்த அளவை விட ஏறத்தாழ 40 கிலோ கூட. இவற்றில் ஒன்று மட்டும் என்றால் தப்பியிருக்கலாம். எல்லாம் ஒரே காலையில் சேர்ந்துவிட்டன.

பிள்ளை ஓட்டினதால்தான் விழுந்தது என்று அப்போது கனபேர் நினைத்தார்கள். விசாரணை அப்படிச் சொல்லவில்லை. மோசமாகிக்கொண்டிருந்த காலநிலையில், அதிக பாரத்தோடு, தனக்குப் பழக்கமில்லாத மெல்லிய காற்றில் கிளம்ப ரீட் எடுத்த முடிவையே காரணமாகக் காட்டியது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் அளவுமீறிய பயண அட்டவணையும் அந்த அவசரத்துக்குத் துணைபோயின என்றும் சொன்னது.

அதே வருடம் ஒக்டோபரில் சட்டம் வந்தது: விமானி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் சாதனைக்காக விமானத்தின் கட்டுப்பாட்டில் கைவைக்கக்கூடாது.

நல்ல சட்டம்தான். ஆனால் அன்று அனுமதிப்பத்திரம் இருந்தவர்தான் கிளம்பினார். மலைப்பக்கம் பறக்கப் பழக்குகிற ஒருவர் மாணவருக்குக் காட்டவேண்டிய முதல் பாடம், "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போவோம்" என்பதுதான். அந்தப் பாடத்தை ஜெசிக்காவுக்குக் காட்ட, அன்று காலை பெரியவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள்.