பசியும் தூக்கமின்மையும்: படைவீரர் சிந்தனையில் இரு குறைகளின் தனிப்பங்கு

களத்தில் வீரர்களின் சிந்தனை தடுமாறுவதற்குக் காரணம் தேடும்போது பசியையும் தூக்கமின்மையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது ராணுவ மருத்துவ எழுத்தில் வழக்கம். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் அது இயல்புதான். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை, தாக்கும் இடமும் ஒன்றல்ல. சில நாள் நீளும் சண்டையில் அறிவைக் கெடுப்பது பெரும்பாலும் தூக்கமின்மையே; பசி மெதுவாக, வேறு வழியில் வேலை செய்கிறது என்பதே என் வாதம்.

சேர்த்து அளப்பதன் சிக்கலை அமெரிக்க ரேஞ்சர் பயிற்சிப் பள்ளியில் காணலாம். பயிற்சி ஏறத்தாழ 2 மாதம். 1991இல் அங்கே நடந்த ஆய்வில் வீரர்கள் நாளொன்றுக்கு 4 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. செலவழித்த ஆற்றலைவிட 1,000 கலோரிக்கு மேல் குறைவாக உண்டனர். உடல் எடையில் சுமார் 16 விழுக்காடு கரைந்தது. சிந்தனைத் திறனும் சரிந்தது. ஆனால் எந்தக் குறை எவ்வளவு கெடுத்தது என்பதை அந்தத் தரவிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

பிரித்துப் பார்த்தவர்களில் ஹாரிஸ் லீபர்மன் குழுவினர் முக்கியமானவர்கள். 2008இல் வெளியான அவர்களது சோதனையில் தன்னார்வலர்கள் 2 நாள் கூழ் போன்ற உணவையே உண்டனர். ஒரு கட்டத்தில் அதில் போதிய கலோரி இருந்தது. மற்றொன்றில் அநேகமாக எதுவுமே இல்லை. எது எதுவென்று உண்பவருக்கும் தெரியாது, பரிமாறியவருக்கும் தெரியாது. கலோரியற்ற நாள்களில் உடலின் குளுக்கோஸ் அளவு இறங்கியது. விழிப்பு, நினைவு, தர்க்கம், மனநிலை ஆகியவை இறங்கவில்லை.

ஆய்வகத்தின் 2 நாளும் களத்தின் 2 மாதமும் ஒன்றா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை ஓரளவு பதில் தருகிறது. மனச்சான்றின் பேரில் போர்ப்பணியை மறுத்த 36 பேர் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து உடல் எடையில் கால்பங்கை இழந்தனர். சமையல் புத்தகங்களை விரும்பிப் படித்தனர், தட்டுகளை நக்கினர். மனம் ஒன்றில் நிற்கவில்லை என்று அவர்களே முறையிட்டனர். ஆயினும் அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி தென்படவில்லை. நெடும்பசி அக்கறையைத் தின்கிறது. திறனை அவ்வளவு எளிதில் தின்பதில்லை.

தூக்கமின்மையின் கதை வேறு. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க 82ஆம் வான்வழிப் படைப்பிரிவின் பீரங்கிச் சூடு கணிக்கும் குழுக்கள் ஓய்வில்லாத பாவனைப் போரில் ஈடுபடுத்தப்பட்டன. தூரம், திசை, குழல் உயர்வு ஆகியவற்றைக் கணக்கிடுவதில் 36 மணி நேரம் வரை பிழை கூடவில்லை. கெட்டுப்போனது வேறொன்று. சுமார் ஒரு நாள் கழிந்ததும் களநிலை வரைபடத்தைப் புதுப்பிப்பதை அவர்கள் கைவிட்டனர். தொடக்கத்தில் மருத்துவமனை ஒன்றைச் சுடும்படி கட்டளை வந்தால் வரைபடத்தைப் பார்த்து மறுத்திருப்பார்கள்; பின்னரோ தயங்காமல் சுட்டார்கள். கணக்கு மட்டும் சரியாகவே இருந்தது! கணக்குப் பிழையை மட்டும் எண்ணும் தேர்வு இந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கும்.

இதற்கான உடலியல் காரணம் 2000இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வில் கிடைக்கிறது. 17 இளைஞர்கள் 24 மணி நேரம் விழித்திருந்தபோது மூளையின் குளுக்கோஸ் பயன்பாடு மொத்தத்தில் 8 விழுக்காடு குறைந்தது. தலாமஸிலும் முன்நெற்றிப் புறணியிலும் இறக்கம் அதிகம். சூழலை ஒட்டுமொத்தமாகப் பார்த்து முடிவெடுக்க உதவுவது இந்தப் புறணிதான். தூங்காத மூளை, கையிலுள்ள எரிபொருளையே சரியாக எரிப்பதில்லை. எனவே உணவுப் பொட்டலத்தில் கலோரியைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது.

காஃபினும் பாதி மருந்தே. அமெரிக்கக் கடற்படையின் சீல் பயிற்சியில் 72 மணி நேரம் தூங்காதவர்களுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது விழிப்பும் வினைவேகமும் ஓரளவு மீண்டன. குறிபார்க்கும் துல்லியம் கூடவில்லை.

மற்றொரு தடையும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் 2 வாரம் தூங்கியவர்களின் கவனம், முழுதாகத் தூக்கமிழந்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களோ தமக்குத் தூக்கக் கலக்கம் அதிகமில்லை என்றே மதிப்பிட்டனர். ஆகவே ‘சமாளித்துக்கொள்வேன்’ என்று ஓர் அதிகாரி சொல்வதைச் சான்றாகக் கொள்ள முடியாது. அமெரிக்கத் தரைப்படையின் 2020ஆம் ஆண்டுக் கையேடு குட்டித் தூக்கத்தைப் பரிந்துரைத்தது நல்ல தொடக்கம். ஆனால் பரிந்துரை போதாது. இலக்கை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ளவருக்கு, காவல்முறையைப் போலவே தூக்கமுறையும் கட்டளையாக எழுதப்பட வேண்டும்; அதை எழுதுபவர் வேறொருவராக இருக்க வேண்டும்.